முப்பதாயிரத்தை ஒட்டியே ஓடும் வாழ்க்கை: ஐ.டி.பி.யோடு என் அன்றாடம்

எனக்குப் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள், குறைவு என்று சொன்னதும் யாராக இருந்தாலும் "டெங்குவாம்மா?" என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் பிளேட்லெட் என்ற பேச்சே டெங்குக் காய்ச்சலோடு சேர்ந்துதான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு வாரம் படுக்கை, பிறகு கவுண்ட் தானாக ஏறிவிடும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என்னுடையது ஏறி முடிந்துவிடுகிற விஷயம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் தட்டணுக்களையே எதிரியாக நினைத்து அவற்றில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டப்பட்டவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. தட்டணுக்களை உண்டாக்குகிற எலும்பு மஜ்ஜையும் அந்த இழப்புக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறுகிறது. இதைத்தான் சுருக்கமாக ஐ.டி.பி. (இம்யூன் திராம்போசைட்டோபீனியா) என்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்று கணக்கு. நான் அந்தக் கோட்டைத் தாண்டி வெகு காலமாகிறது.

முதலில் முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. வேர்க்குரு மாதிரி இருந்தாலும் அரிக்கவில்லை, விரலால் அழுத்தினாலும் நிறம் மறையவில்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் கவுண்ட் 11,000 என்று வந்தது. சாதாரணமாக இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை.

அப்போது பார்த்த ரத்தநோய் மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. அந்த ரத்தத்தையே கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். சிலருக்குப் பரிசோதனைக் குழாயில் இருக்கும் ரசாயனத்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். இயந்திரம் அதை எண்ணத் தெரியாமல் குறைவாகக் காட்டிவிடும். எனக்கு அப்படி இல்லை, உண்மையிலேயே குறைவு. பிறகு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, தைராய்டு, லூபஸுக்கான (எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற இன்னொரு நோய்) சோதனை, வயிற்று ஸ்கேன் என்று வரிசையாகப் போனது. ஐ.டி.பி. இருக்கிறது என்று உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. மற்றவை எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் இதுதான் என்று சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்கள், டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து வேறு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். இதற்கு முறையே அதுதான்.

எதிர்ப்புச் சக்தியை அடக்க முதலில் கொடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கவுண்ட் லட்சத்தைத் தாண்டியது, மாத்திரையைக் குறைக்கக் குறைக்கக் கூடவே இறங்கியது. முகம் உப்பியது, தூக்கம் போனது, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். "நல்லா தேறிட்டியே" என்று கல்யாண வீட்டில் சொன்னவர்களிடம் விளக்கவும் தெம்பில்லை. ஒன்று மட்டும்: ஸ்டீராய்டை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

இப்போது நான் சாப்பிடுவது எல்ட்ரோம்போபாக். மஜ்ஜையைத் தட்டியெழுப்பி அதிகத் தட்டணுக்களை உண்டாக்க வைக்கிற மாத்திரை. 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் ஒரு பெரிய நிபந்தனை உண்டு. கால்சியமோ இரும்பு மாதிரித் தாதுச்சத்தோ அதிகம் இருக்கிற எதுவும் இதோடு வயிற்றில் சேரக் கூடாது. சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. பால், தயிர், மோர், கேழ்வரகு, கீரை, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து என்று எதுவானாலும் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் கழித்தோதான் மாத்திரை. காபியில் தொடங்கித் தயிர்சாதத்தில் முடிகிற நம் வீட்டு நாளில் இதற்கு இடம் எங்கே? இரவு எட்டரைக்குத் தயிர்சாதம் சாப்பிட்டால் மாத்திரைக்கு நள்ளிரவு தாண்டிவிடும். மதியம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். கடைசியில் கைகொடுத்தது எங்கள் தெருக் குழாய்தான். தண்ணீர் பிடிக்க எப்படியும் நாலரைக்கு எழுந்துவிடுவேன். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடத்தை எடுப்பேன். ஆறரைக்குப் பிறகுதான் பால் காபி. அதற்குள் தலை கனத்தால் பால் சேர்க்காத கடுங்காப்பி. கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் மதியத்துக்கு மாறின. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலில் விடியற்காலை நீட்டுகிற காபியை மறுப்பதுதான் சிரமம். "விரதமா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

இந்த மாத்திரைக்கு ஈரல் பரிசோதனையும் அவ்வப்போது செய்ய வேண்டும். ஒரு தடவை கவுண்ட் 2 லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். டாக்டரம்மா உடனே அளவைக் குறைத்துவிட்டார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஏறுறத ஏன் இறக்கணும்?" என்று என்னோடு வந்து நேரிலேயே கேட்டார். "ரொம்ப ஏறினா ரத்தக்குழாயில அடைப்பு வரலாம்மா. உங்க மருமகளுக்கு ரத்தம் கசியாம இருந்தா போதும், லட்சக்கணக்குல வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கும் அன்றுதான் மனசில் ஏறியது. அதுவரை ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பரீட்சை மார்க் போலப் பார்த்து அழுதிருக்கிறேன். இன்றைக்கு என் கவுண்ட் பெரும்பாலும் முப்பதாயிரத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மேல் இருந்து ரத்தக்கசிவும் இல்லையென்றால், பெரியவர்கள் பலருக்கு மருந்தே இல்லாமல் கவனித்து வருவதும் உண்டு.

அதனால் நான் தினமும் பார்ப்பது உடம்பைத்தான். குளிக்கும்போது கால், தொடை, இடுப்பில் புடவை இறுக்குகிற இடம். கண்ணாடியில் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறம். அங்கே ரத்தக் கொப்புளம் வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிறுநீர், மலத்தின் நிறம். இதுவரை இல்லாத மாதிரி தலைவலி வந்து கூடவே வாந்தியும் வந்தால், கவுண்ட் எவ்வளவு என்று யோசித்துக்கொண்டு இருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு.

பெண்களுக்கு இதில் பெரிய பாடு மாதவிலக்கு. வெட்கப்பட்டு யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, கட்டி கட்டியாகப் போனால் அது "சிலருக்கு அப்படித்தான்" இல்லை. டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை அந்த நாட்களுக்கென்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது தட்டணுவைக் கூட்டாது, உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கும். எல்ட்ரோம்போபாக்கோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் இறங்கியதால்தான் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிற நாட்களிலும் ஒரு அசதி இருக்கும். வெளியே தெரியாத அசதி அது. இந்த நோய்க்காரர்கள் பலரும் சொல்வதுதான், சோம்பேறித்தனம் இல்லை.

மருந்துக்கடையில் "இடுப்பு வலிக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் இருக்கிற கொஞ்சநஞ்சத் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். இடுப்பில் போடுகிற ஊசியும் வேண்டாம், உள்ளே தசையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பல் பிடுங்கப் போனாலும் அந்த அட்டையைக் காட்டி, என் டாக்டரிடம் பேசச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்காருவேன்.

அத்தை பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு வந்து நின்ற நாட்களும் உண்டு. பாசத்தில் செய்வதைத் தட்டிவிட மனசு வராது. டாக்டரம்மா சொன்னதையே சொன்னேன்: "டெங்குல அத வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க அத்தை. இது வேற நோய். ஈரல் டெஸ்ட் எடுத்துக்கிட்டே சாப்பிடுற மாத்திரையோட எதையும் கலக்க வேண்டாம்." முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டார். இப்போது அவர்தான் காலையில் எனக்கு முன்னால் எழுந்து மாத்திரையையும் சொம்பையும் எடுத்து வைக்கிறார்.

"என்னத்தத் தின்னு இத வரவச்சுக்கிட்ட?" என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஹாரிங்டன் கதை. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின, வலிப்பே வந்தது. சில நாட்களில் தேறினார். தட்டணுக்களை அழிக்கிற ஏதோ ஒன்று நோயாளியின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று அப்படித்தான் நிரூபணமானது. சாப்பாடும் இல்லை, சாபமும் இல்லை. தன் உயிரைப் பணயம் வைத்து அவர் கொடுத்த பதிலை நான் நன்றியோடு பயன்படுத்திக்கொள்கிறேன்.

மண்ணீரலை எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் பேசியிருக்கிறோம். மூன்றில் இரண்டு பேருக்கு நெடுநாள் பலன் தருகிறது. ஆனால் முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும், பிறகு காலம் முழுக்கத் தொற்றுக்குப் பயப்பட வேண்டும். மாத்திரை வேலை செய்கிறவரை அது தள்ளியே இருக்கட்டும் என்று நானும் டாக்டரம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கொசுவலை கட்டாமல் நான் படுப்பதில்லை. எனக்கு டெங்குவும் வந்தால் கவுண்ட் எதனால் இறங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருக்கிறார். இந்த மழைக்குப் போன வாரமே புது வலை வாங்கியாகிவிட்டது.