தாத்தாவின் தாத்தாவைக் கல்லறைத் தோட்டத்தில் தேடியது

எங்கள் வீட்டில் தாத்தாவின் தாத்தாவைப் பற்றி வாய்வழியாக வந்த செய்தி கொஞ்சம்தான். உபதேசியாராக, அதாவது சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஊழியராக இருந்தார். 1870களில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் இறந்தார். அவருடைய அண்ணன் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவர் பிறந்த வருஷம், மனைவியின் பெயர், ஞானஸ்நானம் எடுக்கும் முன்பு இருந்த பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் காலமான பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளே இல்லை. மிச்சம் இருந்தது ஊர்க் கல்லறைத் தோட்டம்தான்.

ஊர், தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, தேரி என்கிற செம்மணல் காட்டை ஒட்டிய சிறு கிராமம். இந்தப் பக்கத்துச் சபைகளுக்கு வயது அதிகம். பக்கத்து முதலூர் 1799-லேயே கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான ஊர். மிஷனெரி கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841-ல். அதனால் நூற்றைம்பது வருஷத்துக் கல்லறை என்பது இங்கே அதிசயம் இல்லை. கல்லறை இருக்கும், அதைப் படிக்க முடிகிறதா, படித்தால் அது நம்முடைய ஆள்தானா என்பதில்தான் பாடு.

முதலில் சேகர (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது சேகரம்) குருவானவரைப் பார்த்து அனுமதி வாங்கினேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கூட வந்து கேட்டைத் திறந்துவிட்டார். பெயரை மட்டும் தேடிக்கொண்டு போவதில் பயன் இல்லை என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. தேவசகாயம், வேதமாணிக்கம், ஞானமுத்து என்று ஒரே பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான். அத்தோடு மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கமும் சேர்ந்துவிட்டால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயரும் இனிஷியலும் அப்படியே திரும்ப வரும். ஞானமுத்துவின் மகன் தேவசகாயம், அவர் மகன் ஞானமுத்து, அவர் மகன் மறுபடியும் தேவசகாயம். முதல் தேவசகாயமும் கடைசித் தேவசகாயமும் ஞா. தேவசகாயம்தான், நடுவில் அறுபது வருஷம். பெயர் ஒத்துப்போகிறது என்று படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பேரனைத் தாத்தா என்று எழுதிவைத்துவிடுவோம்.

அதனால் முழுத் தோட்டத்தையும் எழுதினேன். ஒரு நோட்டில் வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல், எழுத்தில்லாத மேடு எது, குழந்தைக் கல்லறை எது என்று எல்லாவற்றையும் குறித்தேன். செல்போனில் எடுத்த படங்களுக்கும் அதே வரிசை எண். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் பின்னால் எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்தக் கட்டத்திலிருந்துதான்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் முக்கியம். தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில் குழிக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். படுக்கைக் கல்லுக்குக் காலை விடிந்த நேரமும் மாலை பொழுது சாயும் நேரமும் நல்லது. நிற்கிற கல்லுக்குக் கதை வேறு. உயிர்த்தெழும்போது கிழக்கே பார்த்து எழும்ப வேண்டும் என்று தலையை மேற்கே வைத்து அடக்கம் பண்ணுவது வழக்கம். எங்கள் ஊரில் பழைய கற்களும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கின்றன. காலையில் சூரியன் அவற்றின் முகத்தில் நேராக அடிப்பதால் ஒன்றும் புரிவதில்லை. உச்சி வெயில் நெருங்கும்போது வெளிச்சம் கல்லின் முகத்தை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். அந்த அரை மணி நேரம்தான் அந்தக் கற்களுக்கு. மரநிழலில் இருந்த கல்லுக்கு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தள்ளி வைத்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன். டார்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் போதும்.

கல்லைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போக வேண்டாம். எலுமிச்சம்பழம், வினிகர் கூடச் சலவைக்கல்லை அரித்துவிடும். சாக்பீஸ் தேய்த்தாலும் துகள் கல்லின் நுண்துளைகளுக்குள் போய்த் தங்கிவிடும். நான் பயன்படுத்தியது வெறும் தண்ணீரும் பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷும்தான். தண்ணீர் தெளித்த கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து, எழுத்துக் குழிகள் மட்டும் ஈரமாகக் கறுத்து நிற்கும். அப்போது படம் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் எழுத்தை மறைப்பது மழையைவிடச் சுண்ணாம்புதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள். பாசத்தோடு செய்கிற காரியம், குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் நூறு வருஷத்துச் சுண்ணாம்பு ஏடு ஏடாக எழுத்துக் குழியை நிரப்பிவிடுகிறது. கருங்கல்லாக இருந்தால் மூங்கில் குச்சியால் பொறுமையாகக் குழியை மட்டும் எடுக்கலாம். பழைய கல்லறைகள் பலவற்றில் சுண்ணாம்புக் காரை பூசி, ஈரம் காயும் முன்பே அதில் எழுதியிருக்கிறார்கள். அதில் கை வைத்தால் வெள்ளையோடு எழுத்தும் உதிர்ந்து வரும். அவற்றை நான் தொடவில்லை.

புளியமரத்து ஓரத்தில் ஒரு கருங்கல் பலகை. மேலே பெயர், அடுத்த வரியில் ‘கஅஎஅ’ என்று தனியாக நான்கு எழுத்துகள். யாரோ நாலு பேருடைய இனிஷியல் என்றே ஊரில் நினைத்திருந்தார்கள். தமிழ் எண்கள் தெரிந்தால் விஷயம் விளங்கிவிடும். ௧ என்பது க போலவே இருக்கும், ௮ என்பது அ, ௭ என்பது எ. அது 1878. பக்கத்திலேயே வருஷத்துக்கான ௵ குறி தேய்ந்து கிடந்தது, மாதத்துக்கான ௴ குறி தெளிவாகவே இருந்தது. மாதம், மார்கழி. இந்தப் பத்து எண்களையும் நாள், மாதம், வருஷக் குறிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய றா-வைத் தேய்ந்த கல்லில் பார்த்தால் வேறு எழுத்தோ என்று கண் தடுமாறும்.

பெயர் எங்கள் ஆளுடையது. கீழ் வரியில் ‘உபதேசியார்’ என்று இருந்தது. அதற்கும் கீழே, ‘குமாரனால் வைக்கப்பட்டது’.

நான் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த ஓர் ஆச்சி நின்று விசாரித்தார்கள். “நீ யாரு வீட்டுப் பிள்ளையப்பா?” தாத்தா பெயரைச் சொன்னேன். “கிழக்கு வீடா? அவுக எல்லாரும் இந்தப் புளியமரத்து வரிசையிலதான் இருக்காக. வடக்கால இருக்கது மச்சு வீட்டு ஆளுக” என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். எந்த ஏட்டிலும் இல்லாத தகவல் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டத்தில் ஒரு வரிசை. அதன் பிறகு என் கட்டத்தை எடுத்துப் பார்த்தபோது, புளியமரத்து வரிசை முழுவதும் எங்கள் உறவாகத் தெரிய ஆரம்பித்தது. எழுத்தில்லாத சின்ன மேடுகள்கூட யாரோ எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்தது பதிவேடு. கல்லும் பதிவேடும் ஒன்றையொன்று சரிபார்க்கத்தான். ஊர்ச் சபையில் பழைய பதிவேடு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு மிஷன் ஸ்டேஷனுக்குக் கீழே பல கிராமங்கள். பின்னால் பிரிந்த சேகரங்களில் பதிவேடு பிரிந்த தேதியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்தையது தாய்ச்சபையில் இருக்கும். சேகரங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் திருமண்டலமே 2003-ல் தூத்துக்குடி–நாசரேத் என்று தனியாகப் பிரிந்தது. இங்கே ஊழியம் செய்த இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்களில் ஊர் எதைச் சேர்ந்தது, எஸ்.பி.ஜி. ஊரா, சி.எம்.எஸ். ஊரா என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டால், மிஷனெரிகள் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களைத் தேட உதவும். எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்திலும் சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. ஓர் இடத்தில் எல்லாம் கரையான் தின்றுவிட்டது என்று அலமாரியைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. இன்னோர் இடத்தில் வயதான குருவானவர் தானே பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார்.

அடக்கப் பதிவேட்டில் அவர் இருந்தார். பெயர், ஊர், உபதேசியார் வேலை, வயது 48, காய்ச்சல். அடக்கம் பண்ணிய தேதி 1877 டிசம்பர் 28. கல்லில் 1878.

எது சரி? நம் ஊர் வெயிலில் அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடும், அதனால் அடக்கத் தேதியை இறந்த தேதிக்கு மிக நெருக்கமாகவே கொள்ளலாம். பதிவேடு தேதி வரிசைப்படி எழுதப்பட்டது. அவருக்கு முன்னால் இருப்பவர் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பின்னால் இருப்பவர் ஜனவரி முதல் வாரம். இடையில் செருக வழியில்லை. அப்படியானால் கல்லில் ஏன் 1878? கொஞ்ச நாள் யோசித்த பிறகு தமிழ் வருஷத்தை வைத்துப் பார்த்தேன். தாது வருஷம் 1876 ஏப்ரலில் தொடங்கி 1877 ஏப்ரலில் முடிகிறது. அடுத்தது ஈசுவர வருஷம், 1878 ஏப்ரல் வரை. பஞ்சம் இரண்டு வருஷமும் நீடித்தாலும் மக்கள் வாயில் அது தாது வருஷப் பஞ்சம்தான். மகனுக்குத் தகப்பன் சாகும்போது ஒன்பது வயது. ‘ஈசுவர வருஷம், மார்கழி’ என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர் தலையெடுத்து, கையில் காசு சேர்ந்து, கல் வைக்கும்போது அதை ஆங்கில வருஷமாக மாற்றியிருக்கிறார். மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிற மாதம். டிசம்பர் 28-ம் மார்கழி, ஜனவரி 5-ம் மார்கழி. 1877 என்பது 1878 ஆக அதுவே போதும். கல்லில் மாதம் மட்டும் மார்கழி என்று தமிழில் இருப்பதும் இதனால்தான் என்று நம்புகிறேன். ஆகவே கல்லில் உள்ள தேதி, சாவு நடந்த அன்று எழுதப்பட்டதா, பல வருஷம் கழித்து எழுதப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். ‘குமாரனால்’, ‘பேரப்பிள்ளைகளால்’ என்ற ஒரு வரியே பதில் சொல்லிவிடும்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த காரைக் கல்லறையில் ‘மேற்படியார் பத்தினி’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. இந்தத் தோட்டத்தில் பெண்கள் பலர் இப்படித்தான் கிடக்கிறார்கள், யாரோ ஒருவரின் மனைவியாக, யாரோ ஒருவரின் தாயாக. அது எனக்குப் பெரிய குறையாகவே பட்டது. மகனின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் பெயர் எழுதியிருக்கும் என்பது நினைவுக்கு வந்து, 1868-ஐ ஒட்டிய பக்கங்களைப் பார்த்தோம். கிடைத்தது. அதே பெயரைப் பிடித்துக்கொண்டு இன்னும் முந்தைய பக்கங்களுக்குப் போனதில், பெரியவளாகி ஞானஸ்நானம் எடுத்தபோது எழுதிய பதிவும் கிடைத்தது. அதில் பழைய பெயர், பேச்சியம்மாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டவர் இப்போது உயிரோடு யாரும் இல்லை. என் மகளிடம் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

கண்டிச் சீமைக்குப் போன அண்ணனுக்கும் அதே வரிசையில் ஒரு கல் இருந்தது. ‘ஞாபகார்த்தமாக’ என்ற வரியும் ‘மாத்தளையில்’ என்ற சொல்லும் மட்டும் தெரிந்தன. கீழே யாரும் இல்லாத கல் அது. கல் இருக்கிறது என்பதற்காக இங்கேதான் அடக்கம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்காக 1850களில் இலங்கையில் தொடங்கிய மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் போயிருக்கிறார்கள். இவர் அப்படிப் போனாரா, தோட்ட வேலைக்குப் போனாரா என்பதை மாத்தளைப் பக்கத்துச் சபைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். அடுத்த வேலை அது.

எடுத்த படங்களையும் வரிசைக் கட்டத்தையும் பிரதி எடுத்துச் சேகரத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரிலும் இப்படித் தோட்டம் இருந்தால் அக்டோபர் முடிவதற்குள் ஒரு நடை போய் எல்லாக் கற்களையும் படம் எடுத்துவிடுங்கள். வெள்ளையடிக்க வருகிறவரிடம், எழுத்து இருக்கிற முகத்தை விட்டுவிட்டுப் பக்கங்களுக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை அதற்குச் சம்மதித்துவிட்டார்.