கொக்கியின் மேல் எத்தனை கிலோ?

என்னிடம் இருப்பது சின்ன பிக்கப். அதன் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டுவது ஒற்றை அச்சு டிரெய்லர். இரண்டே சக்கரம், பிரேக் கிடையாது, வெறும் வண்டி 250 கிலோ. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதை இழுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை ஒரே ஒரு இறக்கத்தில் கற்றுக்கொண்டேன்.

அன்று ஏற்றியிருந்தது 120 கிலோ ஜெனரேட்டர், கொஞ்சம் இரும்புக் குழாய், கருவிப் பெட்டிகள். டிரெய்லரோடு சேர்த்து மொத்தம் 520 கிலோ. பிக்கப்பின் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு நன்றாகவே உட்பட்டதுதான். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறக்க வேண்டியது ஜெனரேட்டர் என்பதால் அதைப் பின்கதவை ஒட்டி வைத்துக் கட்டினேன். கயிற்றில் குறையில்லை. டயரில் காற்றும் சரியாக இருந்தது.

சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் இலேசாக நெளிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், டிரெய்லரின் வலப்பக்கம் தெரிந்தது, மறைந்தது, பிறகு இடப்பக்கம் தெரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் பின்பகுதியையே அது பிடித்து இழுத்தது. கால் தானாகவே பிரேக்கை நோக்கிப் போனது. பக்கத்தில் இருந்த மாமா, பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர், "பிரேக்கைத் தொடாதே மாப்பிள்ளை! ஆக்சிலேட்டரை விடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி" என்றார். அப்படியே செய்தேன். ஆட்டம் உடனே நிற்கவில்லை. வேகம் 60க்குக் கீழே வந்த பிறகுதான் டிரெய்லர் மெல்ல அடங்கி, பின்னால் ஒழுங்காக வரத் தொடங்கியது.

அந்த நேரத்தில் பிக்கப்பின் பிரேக்கை அழுத்தியிருந்தால், பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியிருக்கும். கோணலாக நிற்கும் வண்டி தள்ளினால் முன்வண்டியையும் கோணலாக்கிவிடும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கை ஒடிப்பதும் தவறு. நம் கை ஒரு கணம் பிந்துவதால் ஆட்டம் இன்னும் வளரும்.

ஓரமாக நிறுத்தினோம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, "மூக்கைக் கழற்றித் தூக்கிப் பார்" என்றார் மாமா. மூக்கு என்றால் கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் முன்முனை. ஒரே கையால், இரண்டு விரலால் என்றே சொல்லலாம், தூக்கிவிட்டேன். 12 கிலோ இருந்தால் அதிகம். "பின்பாரம்" என்றார் அவர். மாட்டு வண்டிக்காரர்களின் சொல். வண்டியின் பாரம் முன்னால் அதிகமானால் முன்பாரம், மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடியையே மேலே தூக்கும். மாட்டுக்குப் பதில் பிக்கப் வந்திருக்கிறது, அவ்வளவுதான், கணக்கு அதேதான்.

இந்த மாதிரி டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 520 கிலோவுக்கு 52 முதல் 78 கிலோ. ஜெனரேட்டர் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் இருந்தது. இருவரும் சேர்ந்து அதை அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் நகர்த்திக் கட்டினோம். அச்சிலிருந்து கொக்கிக்கு 2.4 மீட்டர். 120 கிலோவை 1.1 மீட்டர் நகர்த்தினால் மூக்கில் 55 கிலோ கூடுகிறது. 12 கிலோ 67 ஆனது. ஏற்றிய சரக்கில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. மீதித் தூரம் முழுவதும் டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் மூக்கில் கொண்டுபோய்க் குவிப்பதும் ஆபத்து. சின்ன பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் போல வேலை செய்கிறது. என் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர். மூக்கில் 70 கிலோ வைத்தால் பின் அச்சில் 98 கிலோ ஏறுகிறது, முன் அச்சில் 28 கிலோ இறங்குகிறது. முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்தால் ஸ்டீயரிங்கும் குறைகிறது, பிரேக்கும் குறைகிறது. மூக்கில் இறங்கும் எடை பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும். பெட்டியில் நிறைய ஏற்றியிருந்தால் அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே கனமான பொருள் அச்சுக்குச் சற்றே முன்னால், தாழ்வாக. இலேசானவை இரு முனைகளிலும்.

இப்போது குளியலறை எடை மெஷின் ஒன்றை டிரெய்லருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு மரக்கட்டை, கட்டையின் மேல் மூக்கு. கொக்கி நிற்கும் உயரத்துக்கே கட்டையும் இருக்க வேண்டும். டிரெய்லர் சாய்ந்திருந்தால் அளவு தவறிவிடும். இரண்டு நிமிட வேலை.

மற்றவை சிறு வேலைகள், ஆனாலும் விடுவதில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுகிறேன்; கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். அரை மணி ஓடியதும் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் கிரீஸ் இல்லாமல் தேய்கிறது.

பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். குட்டை டிரெய்லர் நீளமானதைவிடச் சீக்கிரம் மடங்கும். மடங்கத் தொடங்கினால் திருத்த முயலாமல் முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி வாருங்கள்.

போன வாரம் அதே ஜெனரேட்டரைத் திரும்பக் கொண்டுவரப் போனோம். ஏற்றி முடித்ததும் மாமாவே எடை மெஷினை எடுத்துவந்து தரையில் வைத்தார். குனிந்து பார்த்து, "அறுபத்து நான்கு" என்றார். மூக்கைக் கொக்கியில் இறக்கிப் பூட்டினேன்.