ஐந்நூறு யூனிட்டுக்குள் ஒரு கோடை

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூ பச்சடி, பாயசம் எல்லாம் ஆயிற்று. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, வெள்ளிக்கிழமை கணக்கெடுத்த ஈபி பில்லோடு உட்கார்ந்தேன். 520 யூனிட், 2,110 ரூபாய்.

இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய்தான். 500-ஐத் தாண்டினால் அந்த நூறும் நாலரை ரூபாய் ஆகிவிடும். சரியாக 500 என்றால் பில் 1,725. 501 என்றால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! நாங்கள் கூடுதலாக எரித்த இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய் கட்டப்போகிறோம். கேஸ் சிலிண்டர் இப்போது 818.50. ஏறக்குறைய பாதி சிலிண்டர்.

ஜூன் கணக்கு 500-க்குள் வர வேண்டும். ஒரு நாளைக்கு எட்டேகால் யூனிட்.

ஏப்ரல் 22, திங்கள்

மகள் தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரைப் பார்த்துவந்து சொல்கிறாள். அத்தை நோட்டில் எழுதுகிறார். சராசரி ஒன்பதரை. இன்னும் அக்னி நட்சத்திரம்கூட வரவில்லை.

ஏசியை 22-ல் வைத்துப் போர்வை போர்த்திப் படுப்பது எங்கள் வழக்கம். இப்போது 26, கூடவே ஃபேன் மெதுவாக. விடிகாலை நாலு மணிக்கு ஏசி தானாக நிற்க டைமர். முதல் இரண்டு நாள் என் கணவர் முணுமுணுத்தார், அப்புறம் பழகிவிட்டது.

மாவு பாக்கெட்டையும் நிறுத்திவிட்டேன். ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். இட்லி பூப்போல வருகிறது. அரிசி இலவசம், உளுந்துக்கு முப்பது ரூபாய்க்குள். இரண்டு கிலோவுக்கு மேல் மாவு. கடையில் கிலோ 45. 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான் ஆகும். மின்சாரத்துக்குப் பயந்து மாவு வாங்க வேண்டியதே இல்லை.

மே 5, ஞாயிறு

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அத்தை அறையில் ஃபேன் ஓடவில்லை. ஃபேன் கெட்டுவிட்டதோ என்று சுவிட்சைத் தொட்டேன். அணைத்துத்தான் வைத்திருந்தார். புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு விழித்தே படுத்திருக்கிறார்.

"நேத்து பத்து யூனிட் ஆயிடுச்சேம்மா. நான்தானே எழுதினேன்" என்றார்.

எழுபத்து மூன்று வயது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ராத்திரியிலும் கூரை அனலாகக் கொதிக்கும். நான் கணக்குப் போட ஆரம்பித்தது இதற்காக இல்லை. ஃபேனைப் போட்டுவிட்டு அவர் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன ஆனாலும் அந்த ஃபேனை அணைக்கக் கூடாது என்று காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மே 12, ஞாயிறு

அத்தை அறைக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்கி மாட்டியாயிற்று. மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழையது 75 வாட், இது 28. இருபது மணி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் மிச்சம். பணத்தைப் புரட்டியது எப்படி என்றால், கோயம்பேடு காய்கறிச் சந்தைதான். மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து தக்காளி, வெங்காயம், உருளை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். போகவர சாதாரணப் பேருந்து, 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

மொட்டைமாடியில் கணவரும் மகளும் சுண்ணாம்பு அடித்தார்கள். சாயங்காலம் கூரையைக் கைவைத்துத் தொட முடிகிறது.

மே 28, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. வெயில் குறையவே இல்லை. நாலு நாளாக மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அத்தையை எங்கள் அறையில் ஏசி போட்டுப் படுக்க வைக்கிறேன். நோட்டில் பத்து, பத்தரை என்று ஏறுகிறது. அவர் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கிறார். "எழுதுங்க அத்தை, பரவாயில்ல" என்கிறேன்.

ஜூன் 12, புதன்

கணக்கெடுத்தார்கள். 509 யூனிட். 2,022 ரூபாய்.

ஒன்பது யூனிட்டில் 297 ரூபாய் போய்விட்டது. மனசுக்கு வலிக்கத்தான் செய்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், மே கடைசியில் அந்த மத்தியான ஏசிக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கிறது. அதைக் குறைத்திருக்க முடியாது. ஏப்ரலில் புது ஃபேன் வாங்கியிருந்தால் போதும், உள்ளே நின்றிருப்போம். கூடத்து ஃபேனும் 75 வாட்தான், ஆடி மாதத் தள்ளுபடியில் மாற்ற வேண்டும்.

அத்தை புதுப் பக்கத்தில் கோடு போட்டு, மேலே இன்றைய மீட்டர் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.