ஸ்க்ரூவை எடுத்த கதை

ஒரு சின்னக் கருவியின் மூடியை 4 ஸ்க்ரூ போட்டு முடுக்கிக்கொண்டிருந்தோம். அதற்குப் பதில், அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் 4 கொக்கிகளை மூடியோடு சேர்த்தே வார்த்துவிடலாம் என்று சொன்னது நான்தான். இனி ஸ்க்ரூ டிரைவருக்கே வேலை இருக்காது என்று பெருமை வேறு.

முதல் மூடிகளை அழுத்தியதும் கொக்கிகள் அடியோடு ஒடிந்தன. ஒடிந்தால் தடிமனைக் கூட்டு! அன்றைக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். 1.5 மி.மீ.யை 2 ஆக்கினேன். இன்னும் மோசமாக ஒடிந்தது.

கொக்கி வளையும்போது அதன் அடியில் எழும் திரிபு, அதாவது பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் இழுபடுகிறது என்ற அளவு, தடிமன் கூடினால் கூடும். நீளம் கூடினால், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். என் கொக்கி 8 மி.மீ. நீளம், பூட்டிக்கொள்ள அதன் நுனி 1 மி.மீ. விலகியாக வேண்டும். 1.5 தடிமனில் திரிபு 3.5 சதவீதம், 2 ஆக்கியதும் 4.7. மூடியை வார்த்த கண்ணாடி இழை கலந்த நைலானோ, ஈரமேறாத காய்ந்த நிலையில் 3 சதவீதத்தை ஒட்டியே முறிந்துவிடும். பலப்படுத்துகிறேன் என்று முறிவைத்தான் பலப்படுத்தியிருக்கிறேன்.

நீளத்துக்கு மூடியில் இடமில்லை. கொக்கியின் இருபுறமும் சுவரில் பிளவு விட்டு 12 மி.மீ. ஆக்கினோம். தடிமன் பழையபடி 1.5. திரிபு 1.6 சதவீதத்துக்கு இறங்கியது. நுனியைப் பாதித் தடிமனாகச் சரித்ததும் 1-க்கும் கீழே. அடி மூலையின் கூர்மையையும் வளைவாக்கினோம். அச்சைச் செய்து திருத்தும் டூல் ரூம்காரர் என்னை முறைத்தது நியாயம்தான். பிளாஸ்டிக்கைக் கூட்ட அச்சு இரும்பைச் செதுக்கினால் போதும். குறைக்க வேண்டுமென்றால் வெல்டிங் வைத்துத் திரும்பச் செதுக்க வேண்டும்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அசெம்பிளியில் இருந்த அக்கா, "தம்பி, இதை ஒரு ஷிப்டு முழுக்க நீங்க அழுத்திப் பாருங்க" என்றார். 50 மூடியிலேயே என் கட்டைவிரல் சிவந்துவிட்டது. கொக்கி முகப்பின் சரிவை 45 பாகையிலிருந்து 30 ஆக்கிய பிறகுதான் அவர் தலையாட்டினார்.

கொக்கியின் பின்முகம் மட்டும் நேர் 90 பாகை. இழுத்தால் வராது. பழுதுபார்க்கிறவர் எப்படித் திறப்பார் என்று அப்புறம்தான் யோசித்து, ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் ஒரு சிறு துளை வைத்தேன், ஸ்க்ரூ டிரைவர் நுனியை விட்டு நெம்புவதற்கு.