ஒரு பக்க ஹப்

செப்டம்பர் 12, 2024, வியாழன்

வியாசர்பாடிக்காரனுக்கு மலை என்றால் மூலக்கடை மேம்பாலம்தான். தண்ணீரில் வண்டி ஓட்டிப் பழக கணேசபுரம் சப்வே இருக்கிறது, அதற்கும் மழை வர வேண்டும். இந்தத் தகுதியோடு சனிக்கிழமை ஜவ்வாது மலை மண் பாதையில் ஜீப் ஓட்டப் போகிறோம்.

நாலு வண்டி. பெரம்பூர்த் தம்பியின் புது தார் ஜீப். கொருக்குப்பேட்டை சகலை ஓட்டும் ஜிப்ஸி, ஒரு டன்தான் இருக்கும், பூனை மாதிரி ஏறும். காசிமேட்டு அண்ணனின் பொலேரோ கேம்பர், அதுவும் ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. அவருடைய விசைப்படகு கரையேற்றி வேலை நடப்பதால் மனுஷனுக்கு ஓய்வு. கடைசியாக என் பழைய மஹிந்திரா ஜீப், எம்.எம்.540. பெஜோ டீசல் எஞ்சின், அறுபதைத் தாண்டினால் வண்டியே பேச ஆரம்பித்துவிடும்.

பட்டறையில் டிரெய்லர் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இன்று ஜீப்போடு உட்கார்ந்தேன். யு போல்ட் முறுக்கினேன், பிரேக் ஆயில் மாற்றினேன், முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் பிரித்துப் புது கிரீஸ் வைத்தேன். இந்த மாடலில் உள்ளே லிவரைப் போட்டால் மட்டும் ஃபோர் வீல் வேலை செய்யாது. கீழே இறங்கி முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். இதை மற்ற மூன்று பேருக்கும் போனில் விளக்கமாகச் சொன்னேன். அவர்கள் வண்டியில் அந்த வேலையே இல்லை, இருந்தாலும் சொன்னேன். மெக்கானிக் வாய் சும்மா இருக்குமா?

செப்டம்பர் 14, சனி

விடியற்காலை நாலு மணிக்கு மூலக்கடை. மாதவரம், பைபாஸ், ஸ்ரீபெரும்புதூரில் டீ, வாலாஜா, வேலூர். அங்கிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாக மலையடிவாரம். என் வேகத்துக்கு மூன்று வண்டியும் கட்டுப்பட்டு வந்ததில் தார்த் தம்பிக்கு மட்டும் முகம் சுருங்கியது. கூட்டமாகப் போனால் மெதுவாகப் போகிறவன்தான் முன்னால் போக வேண்டும். பின்னால் விட்டால் அவனைத் தேடியே பொழுது போய்விடும்.

ஜமுனாமரத்தூரில் எங்களுக்கு வழி காட்ட ஓர் உள்ளூர் டிராக்டர்க்காரர் வந்தார். முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஊருக்கு ஊர் டிராக்டர் போற வழிதாங்க. காப்புக்காட்டுப் பக்கம் கேக்காதீங்க." சரிதான். 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே காலை வைப்பதே குற்றம், வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். ரீல்ஸ் எடுக்க ஓடைக்குள் வண்டியை இறக்கிச் சேறாக்குகிறவர்களை எனக்கும் பிடிக்காது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஒருவர் குடத்தில் பிடிக்கிறார்.

தார் ரோடு முடிந்த இடத்தில் டயரில் காற்று இறக்கினோம். முப்பதிலிருந்து இருபது பவுண்டுக்கு. குச்சியால் வால்வை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு டயருக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், கல்லை வளைத்துப் பிடிக்கும். விறைப்பான டயர் கல்லின் மேல் பந்து மாதிரி துள்ளும். தம்பி நம்பவில்லை. பத்து நிமிடத்தில் அவனே ஸ்டியரிங் இப்போது கையை உதறவில்லை என்றான்.

இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை, பச்சையாக. முந்தின நாள் மழையில் செம்மண் சோப்பாக இருந்தது. மூன்றாவது மேட்டில், நடுவில் டிராக்டர் சக்கரம் அறுத்த பள்ளம். மெதுவாக, பலமாக இழுக்கும் லோ கியர் லிவரைப் போட்டு, முதல் கியரில், ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து ஏறினேன். முக்கால் தூரம் போனதும் பின் சக்கரம் இரண்டும் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. முன் சக்கரம் கல் மாதிரி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பின்பக்கம் இன்னும் ஒரு சாண் புதைந்தது.

இப்படி நின்றுவிட்டால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பப் பார்க்கக் கூடாது, வண்டி குறுக்கே போய் உருளும். ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். ஆனால் ரிவர்ஸிலும் அசையவில்லை.

காசிமேட்டு அண்ணன் நடந்து வந்தார். கீழே குனிந்து இடப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடி இடப்பக்கம் வந்தார்.

"இன்னா தம்பி, இந்தக் குமிழு ஒரு மாரி கீது, அந்தக் குமிழு வேற மாரி கீது?"

இடப்பக்கம் நான் லாக் போடவில்லை. வியாழக்கிழமை எல்லாருக்கும் பாடம் எடுத்த அதே குமிழ். வலப்பக்கம் திருப்பிவிட்டு, நடுவில் டிராக்டர்க்காரர் ஏதோ கேட்டார், பேசிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பக்கம்தானே விட்டுப்போனது, இன்னொரு பக்கச் சக்கரமாவது இழுக்காதா என்று தம்பி கேட்டான். இழுக்காது. எஞ்சின் சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கமே சுற்றைத் தள்ளிவிடும். லாக் போடாத பக்கம் உள்ளே அச்சு மட்டும் சும்மா சுற்றும், பூட்டிய சக்கரம் வேடிக்கை பார்க்கும். கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு இதை விளக்குவது தனி அவமானம். சகலை வீடியோ எடுத்தான். எடுக்கட்டும்.

குமிழைத் திருப்பினேன். இதற்குள் பின்பக்கம் அச்சுவரை இறங்கியிருந்ததால் அப்போதும் வரவில்லை. அண்ணன் தன் வண்டியிலிருந்து கயிறு எடுத்தார். படகு கட்டும் நைலான், மணிக்கட்டு கனம். அதை ஒரு முழம் ஒரு முழமாகக் கையில் உருட்டி, புரியைப் பிரித்து உள்ளே பார்த்து, ஓர் இடத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். "உசுரோட கீது," என்றார். நைலான் இழுபடும், அதனால் வண்டிக்கு உதறல் இல்லாமல் இழுக்கும். ஆனால் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், ஆளைக் கொன்றுவிடும். கயிற்றின் நடுவில் நனைத்த கோணிச்சாக்கு இரண்டைப் போர்த்தினார். அறுந்தால் அந்த எடை கயிற்றைக் கீழே அமுக்கும். எல்லாரையும் கயிற்று நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வைத்துவிட்டுத்தான் கையை அசைத்தார். மேலிருந்து கேம்பர் இழுக்க, நான் மெதுவாக மிதிக்க, வாயிலிருந்து பல் பிடுங்குகிற மாதிரி ஜீப் வெளியே வந்தது.

கடலில் கற்ற வேலை மலையில் உதவியது. எனக்குத் தெரிந்த வேலை எனக்கே உதவவில்லை.

இரவு

தெரிந்தவர் பட்டா நிலத்தில், கேட்டுக்கொண்டு, கூடாரம். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. தம்பி வண்டி மேலே இருக்கும் எல்இடி பாரைப் போட்டான், ஊரே பகலானது. அணைக்கச் சொன்னேன். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் காவலூர் இதே மலையில்தான் இருக்கிறது. இருட்டை நம்பித்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். அணைத்ததும் மேலே பார்த்தோம். மணலி ஆலையில் எரியும் ஃபிளேர் நெருப்பு வெளிச்சத்தில் வளர்ந்த நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். லோ கியரில் முதல் கியர், கிளட்ச்சில் கால் வைக்கவே கூடாது, எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும். சகலை பயத்தில் கிளட்ச்சை மிதித்துவிட்டான். ஜிப்ஸி நாலு மீட்டர் வழுக்கி ஒரு புளியமரத்தோரம் நின்றது. பம்பர் மட்டும் வளைந்தது. நேற்றைய வீடியோவை நீக்கிவிடுவதாக அவனே சொன்னான்.

அடிவாரத்தில் காற்று நிரப்பிக்கொண்டு, இரவு ஒன்பதுக்கு வியாசர்பாடி. ஆளுக்கு ஒரு தட்டு அத்தோ, பர்மா நூடுல்ஸ்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் ஜீப்பைக் கழுவினேன். செம்மண் தண்ணீர் தெரு முழுக்க ஓடி, எதிர்வீட்டு அக்காவின் கோலத்தை அழித்துவிட்டது. திட்டு வாங்கினேன்.

பட்டறைப் பையனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல பையன். வெள்ளை பெயின்ட் எடுத்துவந்து, ஹப் லாக்கில் இருந்தால் குமிழும் உறையும் நேர்க்கோட்டில் வரும்படி இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுத்தான். பிறகு டேஷ்போர்டில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினான்: இடது பக்கம் பாத்தீங்களா மேஸ்திரி?