தனியா ஆர்பிஜி பண்றவங்களுக்கு ஆர்வம் எங்க போய் நிக்குது

கேம் பண்ணணும்னு ஆசைப்படுற நிறைய பேருக்கு முதல்ல மனசுல வர்றது ஆர்பிஜி தான் (ரோல் பிளேயிங் கேம், ஒரு ஹீரோவா ஊரு குகைன்னு சுத்தி, சண்டை போட்டு லெவல் ஏறுற வீடியோ கேம்), எனக்கும் அதே தான், இப்பவும் அதைத் தான் பண்ணிட்டு இருக்கேன். ஆனா வேலை நேரம் போக மிச்சத்துல தனியா உக்காந்து பண்றதுக்கு இதைவிட கஷ்டமான வகை வேற இல்லன்னு சொல்வேன். ஓடிக் குதிக்கிற பிளாட்ஃபார்மர் எடுத்துக்கோங்க, குதிக்கிறது மட்டும் நல்லா வந்துட்டா போதும், ஒரே ஸ்கிரீன்லயே ஜாலியா விளையாடலாம். ஆர்பிஜிக்கு மேப் வேணும், பேச ஆளுங்க வேணும், சண்டை வேணும், சண்டைல கிடைச்ச காசை செலவு பண்ண கடை வேணும், வாங்குனதை வைக்க இன்வென்ட்ரி வேணும், இத்தனையும் இருந்து சேவ் பண்ண முடியலன்னா யாரும் தொட மாட்டாங்க. இதெல்லாம் ஒண்ணு சேர மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் கைல இருக்கிறது துண்டு துண்டா கெடக்குற சிஸ்டம்ஸ் தான், விளையாட ஒண்ணும் இருக்காது. அந்த இடைவெளியில தான் ஆர்வம் வத்திப்போகுது. அதனால மோட்டிவேஷனே இல்லன்னு யாராவது சொன்னா, ஆளை விட்டுட்டு மொதல்ல அவங்க கேமை எந்த வரிசைல கட்டுறாங்கன்னு தான் கேப்பேன்.

என் வரிசை இது. ஒரு ஊரு, ஒரு குகை, கடைசில ஒரு பாஸ் (பெரிய எதிரி), டைட்டில் ஸ்கிரீன்ல ஆரம்பிச்சு "முற்றும்" வரைக்கும் இருபது நிமிஷத்துல ஓடி முடியிற ஒரு குட்டி கேம். படம் எல்லாம் வேணாம், கலர் கலரா கட்டம் போதும், ஹீரோ நீலம், எதிரி சிவப்பு. ஆனா சேவ், கடை, சண்டை, லெவல் ஏறுறது, செத்தா திரும்ப வர்றது எல்லாம் அதுல இருக்கணும். அதுக்கப்புறம் எதைச் சேர்த்தாலும் ஓடுற கேமுக்குள்ள சேர்க்குறீங்க, அன்னைக்கு ராத்திரியே விளையாடிப் பாக்கலாம். 1986ல வந்த முதல் டிராகன் குவெஸ்ட்ல ஹீரோ ஒரே ஆள் தான், கூட வர்ற கூட்டம் கிடையாது, எதிரியும் ஒரு நேரத்துக்கு ஒண்ணு தான், லெவல் 30க்கு மேல ஏறாது, மொத்த கேமும் 64 கேபி கார்ட்ரிட்ஜ்ல அடங்கிடுச்சு. அவ்ளோ சின்னதை வெச்சு தான் ஜப்பான் ஆர்பிஜிக்கே ஒரு பாதை போட்டாங்க. அண்டர்டேல்ங்கிற ஆர்பிஜி கூட அப்படி தான், 2013லயே அதைப் பண்ண டோபி ஃபாக்ஸ் முதல் ஏரியாவை மட்டும் டெமோவா விட்டாரு, அதே வருஷம் ஜனங்ககிட்ட பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல 5,000 டாலர் கேட்டதுக்கு 51,000 டாலருக்கு மேல வந்துச்சு, முழு கேம் 2015ல தான் வந்துச்சு. அந்தக் கொஞ்ச நேர டெமோவை விளையாடிப் பாத்துட்டு தான் ஜனங்க நம்புனாங்க.

பத்து வருஷ கதை, ஆறு ராஜ்யம், அவங்களுக்கு ஒரு தனி காலண்டர்னு எழுதுறது ரொம்ப சுகமான வேலை, நான் அதை வேணாம்னு சொல்லல, ஆனா அது கேமுக்குள்ள ஒரு ஆள் வாய்லேந்து வர்ற ஒரு வரியா மாறாத வரைக்கும் விளையாடுறவங்களுக்கு அது இல்லாத மாதிரி தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சண்டைக் கணக்கு, இதுல உக்காந்தா நேரம் போறதே தெரியாது. ஆர்பிஜி பண்றதுக்குன்னே இருக்கிற ஆர்பிஜி மேக்கர் சாஃப்ட்வேரோட எம்வி, எம்இசட் ரெண்டு வெர்ஷன்லயும் சாதாரண அடிக்கு அவங்களே வெச்சிருக்கிற ஃபார்முலா, அடிக்கிறவரோட அட்டாக்கை 4ஆல பெருக்கி, வாங்குறவரோட டிஃபன்ஸை 2ஆல பெருக்கி கழிக்கிறது. அட்டாக் 20, எதிரி டிஃபன்ஸ் 10னா ஒரு அடி 60, எதிரிக்கு ஹெச்பி, அதாவது உயிர் அளவு, 180ன்னா மூணு அடில காலி. டிஃபன்ஸை 30ஆக்குங்க, ஒரு அடி 20 ஆயிடும், அதே எதிரிக்கு இப்போ ஒன்பது அடி. 40ஆக்குனா சுத்தமா பூஜ்யம். அதாவது கழிக்கிற ஃபார்முலால நம்பர் கொஞ்சம் நகந்தாலே சண்டை இழுவையா மாறிடும், ஆனா ஒரு நல்ல கத்தி வாங்குனதும் அந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அட்டாக்கை அட்டாக்காலயே பெருக்கி, அட்டாக் கூட்டல் டிஃபன்ஸால வகுக்குறது இன்னொரு வழி, அதுல அதே அட்டாக் 20க்கு, டிஃபன்ஸ் 10னா அடி 13, 40க்கு கிட்டத்தட்ட 7, எப்பவும் பூஜ்யத்துக்குப் போகாது, மெதுவா தான் இறங்கும். சின்ன கேமுக்கு எனக்கு முதல் வகை தான் பிடிக்கும். எதை எடுத்தாலும் சரி, ஹெச்பிய யோசிக்காம எத்தனை அடில சாகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, சாதா எதிரி மூணு அடி, முரட்டு எதிரி அஞ்சு, ஹீரோ எட்டு அடி தாங்கணும்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல எழுதிட்டா மிச்ச நம்பர் எல்லாம் பின்னாடியே வந்துடும்.

அப்புறம் அடி விழுற அந்த நொடி. அடி பட்டதும் நாலு ஃபிரேம் (ஸ்கிரீன்ல அடுத்தடுத்து மாறுற ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) எல்லாத்தையும் அப்படியே நிறுத்துங்க, செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடுற கேம்ல அது 0.07 செகண்ட் கூட இல்ல, எதிரிய வெள்ளையா மின்ன விடுங்க, நம்பர் கொஞ்சம் எகிறி விழட்டும். வெறும் சிவப்பு கட்டம் தான் எதிரில நிக்குது, ஆனா கைக்கு அடிச்ச மாதிரியே இருக்கும். இந்த மாதிரி வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், ஒரு வாரத்துக்கு உற்சாகம் தரும்.

தினமும் உக்காருறதுக்கு நான் வேலையை ரெண்டு லிஸ்டா பிரிச்சு வெச்சிருக்கேன். தலை தெளிவா இருக்கிற நாளுக்கு சண்டைக்கான புரோகிராம் கோடு, குவெஸ்ட் ஃபிளாக் (எந்த வேலை முடிஞ்சுதுன்னு கேம் வெச்சுக்கிற குறி), பக் தேடுறது. அசதியா வர்ற நாளுக்கு மேப்ல மரம் நடுறது, பொருளுக்கு ஒரு வரி விளக்கம் எழுதுறது, கதவு திறக்குற சத்தம் மாத்துறது. களைப்பா இருக்கும்போது கஷ்டமானதைத் திறந்து வெச்சு ஸ்கிரீனைப் பாத்துட்டே உக்காந்தா அடுத்த நாள் அந்த ஃபைலைத் திறக்கவே மனசு வராது. எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாளைக்கு முதல்ல என்னன்னு ஒரு வரி எழுதிட்டு மூடுவேன், "கடைல விக்கிறப்போ எண்ணிக்கை குறையல, அதைப் பாரு"ங்கிற அளவுக்கு குறிப்பா இருக்கணும், "கடை சரி பண்ணு"ன்னு எழுதுனா பிரயோஜனம் இல்ல.

எரிக் பரோன் ஸ்டார்டியூ வேலிங்கிற விவசாய கேமை நாலரை வருஷம் போல தனி ஆளா பண்ணி 2016ல விட்டாருன்னு எல்லாரும் உதாரணம் சொல்றாங்க, அவர் கிட்டத்தட்ட முழு நேரமும் அதுலயே இருந்தாரு, இதை விட்டுட்டு அந்த வருஷக் கணக்கை மட்டும் உங்களோட ஒப்பிட்டா வீணா மனசு தான் உடையும்.

பாதில எஞ்சினை, அதாவது கேம் கட்டுற சாஃப்ட்வேரை, மாத்தாதீங்க, கோடோவோ ஆர்பிஜி மேக்கரோ எதுல ஆரம்பிச்சீங்களோ அதுலயே முடிங்க. சேவ் ஃபைல்ல முதல் நாளே ஒரு வெர்ஷன் நம்பர் போட்டு வைங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் கைல குடுத்துட்டு பின்னாடி நின்னு வாயே திறக்காம பாருங்க, ஒரு பானைக்குள்ள காசு இருந்தா ஊர்ல இருக்கிற அத்தனை பானையையும் தட்டிப் பாப்பாங்க, அடுத்து எங்க போகணும்னு நீங்க எழுதுன வசனத்தை மட்டும் பட்டன் அழுத்தித் தாண்டிடுவாங்க.

என்னோடதுல இப்போ ரெண்டாவது குகை ஓடுது. அங்க பாஸ் அடிச்சா ஹீரோவுக்கு விஷம் ஏறுற மாதிரி வைக்கலாம்னு ஆசை. அந்த இடத்துல ஹீரோவுக்கு 160 ஹெச்பி, விஷம் ஒரு சுத்துக்கு பதினாறுல ஒரு பங்கு எடுத்தா 10, சண்டை பத்து சுத்து போகும்னா அதுலயே 100 போயிடும், பாஸ் அடிக்கிறது தனி. விஷமுறி வாங்காம உள்ள வந்தவங்க கதை முடிஞ்சுது. அப்போ கடைல விஷமுறி இருக்கணும், குகை வாசல்ல ஒருத்தர் காலுக்குக் கட்டு போட்டுட்டு உக்காந்து உள்ள என்ன கடிச்சுதுன்னு சொல்லணும், அதுவும் ரெண்டே வரில, இல்லன்னா தாண்டிப் போயிடுவாங்க. இன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு வரிய எழுதணும்.