கியானி, பாயி, பிரின்சிபல்: பஞ்சாபி அறிஞர்களின் பட்டங்கள்

பஞ்சாபி அறிஞர் ஒருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டமே அவர் எந்த வழியில் படித்து வந்தவர் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். எல்லாம் மரியாதைச் சொல்தானே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் அந்தத் தகவல் காணாமல் போகும்.

அதிகம் குழப்புவது கியானி. சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபுக்கு விளக்கம் சொல்லத் தேர்ந்தவர் கியானி. அதே பெயரில் பல்கலைக்கழகத் தேர்வும் உண்டு. லாகூரில் 1882இல் தொடங்கிய பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் பஞ்சாபித் தேர்வுகள் புத்திமான், வித்வான், கியானி என்று மூன்று படிகளாக ஏறின. இதேபோல் இந்தியில் கடைசிப் படி பிரபாகர், சமஸ்கிருதத்தில் சாஸ்திரி, பாரசீகத்தில் முன்ஷி ஃபாசில், அரபியில் மௌல்வி ஃபாசில். ஆகவே கியானி என்று போட்டிருக்கும் பள்ளி ஆசிரியர் குருத்வாராவில் ஒருநாளும் கதா (புனித நூல் விளக்கவுரை) சொல்லாதவராக இருக்கலாம். குடியரசுத் தலைவராக இருந்த ஜைல் சிங்குக்கு அந்தப் பட்டம் வந்தது சமய நூல் படிப்பால்.

பாயி என்றால் சகோதரர். எளிமையாகத் தெரிந்தாலும் சீக்கிய மரபில் இதற்குள்ள எடை பெரிது. 1604இல் குரு கிரந்த சாகிபின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தை ஏட்டில் எழுதிய கை பாயி குர்தாஸுடையது. பஞ்சாபி எழுத்தாளர் பாயி வீர் சிங்குக்கு 1949இல் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. இன்றும் யாரும் அவரை டாக்டர் வீர் சிங் என்பதில்லை. 'மகான் கோஷ்' கலைக்களஞ்சியம் தந்த கான் சிங் நாபாவும் பாயிதான். குருத்வாராவில் கீர்த்தனை பாடும் ராகிகளையும் பாயி என்றே அழைப்பதால், பட்டத்தை மட்டும் வைத்து அறிஞர் என்று முடிவுகட்டக் கூடாது.

பண்டிட் என்றதும் இந்து என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பண்டிட் தாரா சிங் நரோத்தம் சமஸ்கிருதக் கல்வியில் ஊறிய நிர்மலா என்ற சீக்கியத் துறவிப் பிரிவைச் சேர்ந்தவர்.

நூல் பட்டியல் தயாரிப்பவர்கள் பட்டத்தை வெட்டிவிட்டால் சிக்கல்தான். கல்லூரி முதல்வர் என்ற பொருளில் பிரின்சிபல் பட்டம் பெற்ற தேஜா சிங் (1894–1958) வேறு, ஹார்வர்டில் படித்த சந்த் தேஜா சிங் (1877–1965) வேறு. வெறும் 'சிங், தேஜா' என்று பதிந்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். பட்டத்தை அகரவரிசைக்கு எடுக்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் வைத்தால் போதும்.

நேரில் பேசும்போது பெயரே வேண்டாம். 'கியானி ஜீ', 'பாயி சாகிப்' போதும். பொற்கோயிலில் புனித நூலை ஓதும் கிரந்தி என்றால் 'சிங் சாகிப்'. கியானிக்கு முன்னால் மிஸ்டர் சேர்ப்பது காதுக்கே ஒட்டாது.